1110ஆம் வரி

கிளிநொச்சி
24.05.1982

மதிப்புக்குரிய கதிர்காமநாதன் சேர் அவர்களுக்கு,

நான் கமலாட்சி. வாய்க்கால் திட்டக் கந்தோரில் கொம்பியூட்டரை இயக்குபவள். சித்திரை வருசத்துக்கு முதல் கிழமை பொஸ்டனிலிருந்து லீவில் வந்து ஒரு கதிரையில் இரண்டு மணி நேரம் இருந்தீர்களே, அந்தக் கதிரைக்கு உரியவள். தேத்தண்ணீர் கொண்டுவரச் சொல்லி என்னை எழுப்பி அனுப்பிவிட்டுத்தான் இருந்தீர்கள். ஆகவே முகம் ஞாபகம் இருக்குமோ தெரியாது.

நேரே விசயத்துக்கு வருகிறேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை எந்த வாய்க்காலுக்கு எத்தனை மணி நேரம் விடுவது என்று திங்கட்கிழமை தோறும் பட்டியல் அடித்துத் தருவது நீங்கள் எழுதிய புரோகிராம். மொத்தம் பதினொரு வாய்க்கால். சிறுபோகத்துக்கு முறைத் தண்ணீர் மே 3 தொடங்கியது. மே 3, 10, 17 மூன்று பட்டியலிலும் பதினொராம் வாய்க்கால் இல்லை. பட்டியலில் இல்லாத வாய்க்காலுக்கு, மதகு பார்க்கும் துருசுக்காரர்கள் திறந்துவிடவில்லை. கொம்பியூட்டர் ஒன்றைச் சேர்க்காமல் விட்டிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். முப்பத்தெட்டு ஏக்கர் மூன்று கிழமையாகக் காய்ந்தது. மழையும் இல்லை. போன வியாழக்கிழமை அங்குள்ள பதினாறு குடும்பமும் கருகிய பயிரைப் பிடுங்கிக்கொண்டு கந்தோர் வாசலில் வந்து நின்றபோதுதான் எங்களுக்கு விசயம் தெரிய வந்தது.

ஆகஸ்ட் 12 கொழும்பிலிருந்து பணிப்பாளர் விசாரணைக்கு வருகிறார். கொம்பியூட்டர் அறையில் வேலை செய்தவர் கையெழுத்திடும் புத்தகத்தில், நீங்கள் வந்த ஏப்ரல் 7க்கு நேரே என் கையெழுத்து மட்டும் இருக்கிறது. புரோகிராமை எழுதியவரிடமே கையெழுத்துக் கேட்க அன்று எனக்கு வாய் வரவில்லை. பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைக்காததால் ஒன்றரை வருடமாக நான் தற்காலிக ஊழியர். பிழை என்னுடையது என்று முடிவானால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள்.

அன்று நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று எழுதி அனுப்பவும்.

இப்படிக்கு,
ப. கமலாட்சி


பொஸ்டன்
07.06.1982

செல்வி கமலாட்சிக்கு,

உமது ஏரோகிராம் கிடைத்தது. ஒரு பொறியியலாளனுக்கு எழுதுகிறோம் என்ற நினைவு முதல் வரியில் இருந்தது. பிறகு களவு போனதற்குப் பொலிஸில் முறைப்பாடு எழுதுவதுபோல் ஆகிவிட்டது. பரவாயில்லை, பதில் சொல்கிறேன்.

அன்று நான் செய்தவை இரண்டு. ஒன்று, நீர் என் புரோகிராமுக்குள் செருகி வைத்திருந்த மூன்று வரிகளை எடுத்தேன். வாய்க்கால் பதினொன்று இல்லாவிட்டால் வேலையை நிறுத்து என்று எழுதி வைத்திருந்தீர். வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிற தகப்பன் உண்டா? என் புரோகிராம் முடிவுக் குறி வரும்வரை வாசிக்கும். அதற்கு எண்ணத் தேவையில்லை. இரண்டு, தொடக்கத்தில் இருந்த என் பெயர் வரியைக் கடைசிக்குக் கொண்டுபோனேன். வாய்க்கால் வரி ஒன்றிலும் நான் கை வைக்கவில்லை.

பிழை எங்கே என்று எனக்குத் தெரியும். வரிகளைத் திரையில் எழுதித் திருத்த நீங்கள் அங்கே வைத்திருக்கிற வேர்ட்ஸ்டார்தான் பிழை. நான் அந்தக் கந்தோரில் இருந்த காலத்தில் அந்தச் சாமான் வந்திருக்கவில்லை. இந்தமுறைதான் கண்டேன். இங்கே எங்கள் பல்கலைக்கழகத்தில் ஈமாக்ஸ் என்ற எடிட்டர். கொன்ட்ரோல் விசையோடு N அழுத்தினால் அடுத்த வரி, P அழுத்தினால் முந்திய வரி, F என்றால் முன்னுக்கு, B என்றால் பின்னுக்கு. ஒவ்வொன்றும் ஒரு சொல்லின் முதலெழுத்து. மூளையுள்ள மனிசன் அமைத்தது. உமது வேர்ட்ஸ்டாரில் அதே வேலைக்கு E, S, D, X. ஏன் E, ஏன் X என்று கேட்டால் அதற்கு ஒரு காரணமும் இல்லை. கலியாணக் கார்டு அடிக்கிறவர்களுக்கு அது போதும்.

உமது விரல்தான் எங்கோ பட்டு ஒரு வரி போயிருக்கும். அதோடு ஒரு கேள்வி. மூன்று திங்கட்கிழமையும் பட்டியலை அடித்து எடுத்தவர் நீர். பத்தோடு நின்ற பட்டியலை மூன்று தரமும் நீர் பார்க்கவில்லையா?

க. கதிர்காமநாதன்


கிளிநொச்சி
21.06.1982

திரு. கதிர்காமநாதன் அவர்களுக்கு,

சேர் என்று எழுதக் கை வரவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

முதலில் உங்கள் எடிட்டர் கதை. E, S, D, X நான்கும் இடது கைக்குக் கீழே ஒரு நாற்சந்தி. மேலே உள்ள விசை மேலே போகும், கீழே உள்ளது கீழே போகும், இடது இடத்துக்கு, வலது வலத்துக்கு. கை எழும்பத் தேவையில்லை, கண் கீழே பார்க்கத் தேவையில்லை. குசினியில் உப்புப் போத்தலைப் பெயர் வாசித்தா எடுக்கிறோம்? அது இருக்கிற இடம் கைக்குத் தெரியும். உங்கள் N-உம் P-யும் இங்கிலிஷில் நினைத்து இங்கிலிஷில் தேடுகிறவருக்கு வசதி. என் விரல்கள் இந்த விசைகளிலேயே பழகியவை. இதுவரை தவறுதலாக ஒரு வரியை அவை அழித்தது கிடையாது.

இனி ஆதாரத்துக்கு வருகிறேன். தை மாதம் நான் அடித்து எடுத்த புரோகிராம் கடதாசி என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் நீங்கள் இட்ட இலக்கம் அதில் உண்டு. பத்தாம் வாய்க்கால் 1100. பதினொராம் வாய்க்கால் 1110. முடிவுக் குறி 1120. இப்போது டிஸ்கில் இருப்பதையும் அடித்துப் பார்த்தேன். 1100க்கு அடுத்தது 1115, எழுதியவர் க. கதிர்காமநாதன். பிறகு 1120. பதினொராம் வாய்க்கால் இருந்த இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறது.

சனம் என்ன கதைக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? அந்த வாய்க்காலுக்குப் போகவேண்டிய தண்ணீர் மற்றப் பத்துக்கும் பிரிந்து போயிருக்கிறது. உருத்திரபுரத்தில் நாலாம் வாய்க்காலில் உங்கள் தகப்பனாரின் வயல் பச்சைப் பசேலென்று நிற்கிறது. பொஸ்டன் மகன் வந்து தகப்பனுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டுப் போனார் என்று சந்தையில் கதை. அதை நான் பரப்பவில்லை. மறுக்கவும் இல்லை.

பதினொராம் வாய்க்காலில் இருப்பது 77 கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்டு வந்த எங்கள் சனம். என் அப்பா பழனியாண்டிக்கு அங்கே காடு வெட்டி உண்டாக்கிய இரண்டரை ஏக்கர். 1115ஆம் வரியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். “தண்ணி குடுக்கலேன்னாகூடப் பொறுத்துக்குவேன் தாயி. நம்ம பேர அழிச்சுட்டு அவரு பேர எழுதிக்கிட்டாரே” என்றார். அந்த வார்த்தைக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ப. கமலாட்சி


பொஸ்டன்
04.07.1982

கமலாட்சிக்கு,

உமது கடிதத்தைக் கிழித்து எறியத்தான் நினைத்தேன். பிறகு இப்படியான எழுத்துக்கு ஆதாரம் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

என் அப்பாவைப் பற்றி எழுத உமக்கு எங்கிருந்து துணிவு வந்தது? காடு வெட்டியது உமது சனம் மட்டும் அல்ல. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து 53ஆம் ஆண்டு ஒரு மண்வெட்டியோடும் அம்மாவோடும் வந்து, யானைக்கும் மலேரியாவுக்கும் நடுவில் அந்த மூன்று ஏக்கரை உண்டாக்கினார். அடுத்தவன் தண்ணீரில் ஒரு சிரட்டை எடுத்தவர் அல்ல. எனக்குப் பெயர் வேண்டியிருந்தது உண்மை. தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. என் புரோகிராம் ஓடுகிற மெசினில் என்னைத் தெரியாத ஒரு பெண் இருந்தாள், கந்தோரில் பாதிப்பேருக்கு நான் ஆர் என்று தெரியவில்லை. பெயரைப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணில் படும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

அன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். விசாரணையில் இதையே சொல்லும். ஈமாக்ஸில் ஒரு வரியில் நின்று கொன்ட்ரோல் K அழுத்தினால் அந்த வரி வெட்டுப்படும். வேண்டிய இடத்துக்குப் போய்க் கொன்ட்ரோல் Y அழுத்தினால் வெட்டிய வரி அங்கே வந்து நிற்கும். ஈமாக்ஸ் வெட்டியதை எறிந்துவிடாது, கையில் வைத்திருந்து திருப்பித் தரும். மனிசனுக்குப் பிழை வரும் என்று தெரிந்தவர்கள் செய்தது. இருபது மாதமாக என் விரல் அதில் ஓடுகிறது. அன்றும் பழக்கத்தில் அதையே செய்தேன். மேலே என் பெயரில் நின்று K. பட்டியலின் கடைசி வாய்க்காலுக்கு இறங்கி Y. ஒன்றும் வரவில்லை. சனியன் பிடித்த சாமான் என்று ஏசிவிட்டு என் பெயரைக் கையாலேயே அடித்து, மேலே இருந்ததை எழுத்தெழுத்தாக அழித்தேன்.

இதில் எங்கே ஐயா குற்றம்?

க. கதிர்காமநாதன்


கிளிநொச்சி
17.07.1982

திரு. கதிர்காமநாதன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை நேற்றுக் காலையிலிருந்து எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. எங்கே குற்றம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு மூன்று வரி மேலே இருக்கிறது.

வேர்ட்ஸ்டாரில் கொன்ட்ரோல் Y அழுத்தினால், நிற்கிற வரி முழுவதும் அழிந்துவிடும். உங்களைக் கேட்காது. திருப்பியும் தராது. உங்கள் எடிட்டரில் கொண்டுவருகிற விசை எங்கள் எடிட்டரில் அழிக்கிற விசை. ஒன்றும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வரவில்லைதான். போனது.

தை மாதப் பிரதியை வேறு டிஸ்கில் ஏற்றி 1110இல் நின்று அழுத்திப் பார்த்தேன். கீழே இருந்த வரி மேலே ஏறி அந்த இடத்தை மூடிக்கொண்டது. எல்லாம் இலக்கங்கள்தானே, ஒன்று குறைந்தது கண்ணுக்குத் தெரியவே இல்லை. பிறகு என்னுடைய மூன்று வரிகளைப் பழையபடி சேர்த்து ஓட்டினேன். வாய்க்கால் பத்துத்தான் இருக்கிறது என்று சொல்லி மெசின் நின்றுவிட்டது. பிள்ளைகளை எண்ணாத தகப்பன் அதை எடுத்திருக்காவிட்டால் மே 3ஆம் திகதியே நின்றிருக்கும்.

நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். உங்கள் தகப்பனாரைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன், சந்தையிலும் அப்படியே சொல்லிவிட்டேன். ஆனால் என் கோபம் குறையவில்லை, கூடியிருக்கிறது. வேண்டுமென்று செய்கிறவராவது பதினொராம் வாய்க்காலை ஒரு தரம் நினைத்துப் பார்த்திருப்பார். நீங்கள் உங்கள் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ஆகஸ்ட் 12க்கு முன்னால் பணிப்பாளருக்கு எழுதுங்கள். நான்தான் அழித்தேன் என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் பக்கம் மேசையில் இருக்கும்.

ப. கமலாட்சி


பொஸ்டன்
29.07.1982

கமலாட்சிக்கு,

ஒரு கடையில் வேர்ட்ஸ்டார் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். Y பற்றி நீர் எழுதியது சரி. வாங்கப் போகிறாயா என்று கடைக்காரன் கேட்டான். இல்லை என்று வைத்துவிட்டு வந்தேன்.

பணிப்பாளருக்குக் கடிதம் இன்று போகிறது. வரி அழிந்ததற்கு நீர் பொறுப்பில்லை என்று அதில் தெளிவாக இருக்கும். உமக்கு வேண்டியது அதுதானே. அதற்குமேல் என்னால் முடியாது. திட்டத்தின் சிபாரிசில்தான் நான் இங்கே படிக்கிறேன். ஒரு வாய்க்காலையே அழித்தவன் என்று அங்கிருந்து ஒரு கடிதம் வந்தால் நான் அடுத்த மாதமே பெட்டி கட்ட வேண்டும். அப்பாவுக்கு என்ன சொல்வேன் என்றும் தெரியவில்லை. மூன்றாம் பக்கத்தை ஒருவருக்கும் காட்ட வேண்டாம் என்று கேட்கிறேன். கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று திங்கட்கிழமை பற்றிய என் கேள்விக்கு இரண்டு கடிதத்திலும் பதில் இல்லை. அதைக் கவனிக்காமல் விட்டேன் என்று நினைக்க வேண்டாம். பார்க்காமல் விட்டவன் நான் மட்டும் இல்லை.

க. கதிர்காமநாதன்


கிளிநொச்சி
16.08.1982

திரு. கதிர்காமநாதன் அவர்களுக்கு,

விசாரணை நடந்தது. உங்கள் கடிதத்தைப் பணிப்பாளர் எல்லோருக்கும் உரத்து வாசித்தார். எடிட்டரின் முறையற்ற விசையமைப்புக் காரணமாக ஒரு வரி அழிந்துள்ளது, இயக்குபவர் அதற்குப் பொறுப்பல்லர் என்று இருந்தது. யார் இருந்தார்கள், யார் விரல் என்று ஒன்றும் இல்லை. காற்றடித்து வேலி விழுந்ததுபோல வரி அழிந்திருக்கிறது. உங்கள் கடிதத்தின்படி குற்றவாளி வேர்ட்ஸ்டார்.

பணிப்பாளருக்கு நிம்மதி. அப்படியென்றால் இந்த மெசினே வேண்டாம், பெட்டியில் போட்டுக் கொழும்புக்கு அனுப்புங்கள், முந்திமாதிரிப் பட்டியலைக் கையால் எழுதலாம் என்றார். மெசின் இல்லாவிட்டால் இயக்க ஆள் எதற்கு? என்னைக் காப்பாற்ற எழுதிய கடிதத்தால் என் கதிரையைப் பிடுங்கினீர்கள்.

ஐந்து நிமிடம் கேட்டேன். மெசினை இயக்கி, பிரதி டிஸ்கில் 1110ஆம் வரியைத் திரையில் கொண்டுவந்து, வாய்க்கால் வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் தவராசாவைக் கதிரையில் இருத்தினேன். இரண்டு விசையைக் காட்டி அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். வரி போய்விட்டது. இப்போது அதை அழித்தது ஆர் என்று கேட்டேன். அந்த மனிசன் திரையைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார்.

“நான்தான் அமத்தினனான்” என்றார்.

பணிப்பாளருக்கு எழுதியதோடு சேர்த்து நீங்கள் நான்கு கடிதத்தில் சொல்லாததை அவர் சொல்லி முடிக்க ஒரு நொடி எடுத்தது. பிறகு, அப்படியென்றால் ஏப்ரல் 7 அழுத்தியது ஆர் என்று பணிப்பாளர் கேட்டார். அதை அவரே எழுதுவார் என்று சொன்னேன். செப்டெம்பர் 15 வரை தவணை தந்திருக்கிறார். அதுவரை மெசினும் நானும் இங்கே இருப்போம்.

உங்கள் கேள்விக்கு இனிப் பதில். இதை விசாரணையிலும் சொன்னேன், ஒருவரும் கேட்காமலே. வேலைக்கு வந்த முதல் நாள் ஓவசியர் என்னிடம், “பிள்ளை, உங்கடை ஆக்களின்ரை வாய்க்காலும் இதுக்குள்ளை கிடக்குது, கதை வராமல் பாத்துக்கொள்ளும்” என்றார். அன்றிலிருந்து அந்த வரியை நான் பார்ப்பதில்லை. பட்டியல் பிரிண்டரை விட்டு வரும்போதே அடிப்பக்கத்தை மடித்து அவரிடம் கொடுத்துவிடுவேன். அவர் மடிப்பைப் பிரித்துப் பலகையில் குத்துவார், எண்ணுவதில்லை. என் நேர்மையில் எனக்கு அவ்வளவு பெருமை.

மே 9 ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது, தண்ணி வரலியேம்மா என்று அப்பா கேட்டார். கந்தோர்க் கதையை வீட்டில் கதைக்க வேண்டாம் என்று சொன்னேன். அடுத்த ஞாயிறு அவர் கேட்கவில்லை. சோற்றைப் போட்டுத் தந்துவிட்டு வயல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். அன்றைக்கு அந்த மடிப்பைப் பிரித்திருந்தால் பாதிப் பயிரையாவது காப்பாற்றியிருக்கலாம். இப்போது மாடு மேய்கிறது. இனி மாரி மழையோடு காலபோகம்தான்.

உங்கள் மூன்றாம் பக்கத்தை நான் காட்டவில்லை. இதோடு திருப்பி அனுப்புகிறேன், என்னிடம் பிரதி இல்லை. இது உங்கள்மேல் இரக்கப்பட்டு அல்ல. அதைக் காட்டினால் நீங்கள் பிடிபட்டவர் ஆவீர்கள், அவ்வளவுதான். என் அப்பாவுக்கு வேண்டியது நீங்கள் பிடிபடுவது அல்ல. கொம்பியூட்டர் அறைப் புத்தகத்தில் ஏப்ரல் 7க்குக் கீழே ஒரு கையெழுத்துக்கு இடம் இருக்கிறது.

ப. கமலாட்சி


பொஸ்டன்
30.08.1982

கமலாட்சி அவர்களுக்கு,

மூன்றாம் பக்கத்தைப் பணிப்பாளருக்கு நானே அனுப்பிவிட்டேன். உங்கள் மூன்று வரிகளைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். 1115ஐ எடுத்துவிடுங்கள். அப்பாவுக்கும் எழுதினேன்.

வேர்ட்ஸ்டார் பற்றிய என் அபிப்பிராயம் மாறவில்லை.

கீழே உள்ளதை வெட்டிப் புத்தகத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 7, 1982. முற்பகல் 10.15 முதல் 12.20 வரை. பதினொராம் வாய்க்காலின் வரியை அழித்தவன் நான்.
க. கதிர்காமநாதன்